படையலில் ஒரு கறுப்பு பீர்

யோகம் ஆன்ட்டி அந்தப் பீர் போத்தலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிய விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவார்களே, அப்படி. உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு.

"சரசக்கா, இது ஆருக்கு?"

அம்மா குனிந்து ஊதுபத்தியைச் சரிசெய்தார். எங்கள் வீட்டு முன்கூடத்தில் வாழை இலைகள் வரிசையாக விரிக்கப்பட்டிருந்தன. ஆட்டிறைச்சிப் பிரட்டலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஊதுபத்திப் புகையும் மசாலா வாசனையும் கலந்து கூடமே கும்மென்றிருந்தது. கடைசி இலைக்கு முன்னால் ஒரு புது வேட்டி, லேபிள்கூடப் பிரிக்காமல்.

"ஆருக்கு எண்டு கேக்கிறன்."

அது தீபாவளிக்கு முந்திய நாள் சாயங்காலம். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை இந்தத் தொடரில் இன்னும் எத்தனை வாரம் சொல்லப்போகிறாய் என்று அம்மா கேட்கிறார். தொடர் முடியும்வரை சொல்வேன் அம்மா.

அன்றைக்கு ஏன் அம்மாவுக்கு வாய் அடைத்துப்போனது என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லாரியில் வந்தவர்

யோகம் ஆன்ட்டி எங்களுக்குச் சொந்தமில்லை. அவர் பிறந்தது இலங்கையில், வன்னிப் பக்கம். போர் முடிந்து சில வருடங்கள் எங்கெங்கோ அலைந்து, கையில் ஓர் அகதி அட்டையோடு மலேசியாவுக்கு வந்தவர். வேறு ஏதாவது நாடு ஏற்றுக்கொள்ளும்வரை இங்கே காத்திருக்க வேண்டும்.

அப்பா அப்போது பெக்கான் நானாஸில் அன்னாசிப்பழ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தங்க இடமில்லாமல் ஒரு பெண் இருக்கிறார் என்று கோயிலில் யாரோ சொன்னார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்கவில்லை. நேராகப் போய் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். லாரியின் முன் இருக்கையில் ஒல்லியாக ஒரு பெண், மடியில் ஒரு துணிப் பை, நெற்றியில் வட்டமாகக் குங்குமப் பொட்டு. பின்னால் மலைபோல் பழம்.

"அன்னாசியோட அன்னாசியா வந்து இறங்கினனான்," என்று இப்போது சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சமையலறைக்குப் பின்னால் அப்பா தகரம் போட்டு இழுத்துக் கட்டிய அறை ஒன்று இருந்தது. அதைத்தான் கொடுத்தோம். ஆறு மாதம் என்று சொல்லித்தான் வந்தார். அதற்குப் பிறகு அந்தத் தகரத்தை அப்பா ஒருமுறை மாற்றிவிட்டார்.

அம்மா அன்னாசி டின் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, பொந்தியான் போகும் சாலையோரத்தில் பழக்கடை போட்டிருந்தார். யோகம் ஆன்ட்டி மறுவாரமே கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார். கண் கண்ணாக இருக்கும் அன்னாசியைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கி, கோயில் கோபுரத்துப் படிக்கட்டு மாதிரி ஆக்கிவிடுவார். அவர் இடித்த மிளகாய் உப்புக்காகவே சிங்கப்பூர் நம்பர் பிளேட் கார்கள் நிற்க ஆரம்பித்தன.

ஆனால் பேச்சு கிடையாது. அம்மா பழத்தோடு பேசுவார், வாடிக்கையாளரோடு பேசுவார், வழியில் போகும் நாயோடுகூடப் பேசுவார். யோகம் ஆன்ட்டி "ஓம்", "இல்லை" இரண்டோடு நாளை முடித்துவிடுவார். சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவார். கதவு சாத்திக்கொள்ளும்.

அவர் எங்களிடம் சொன்னது மிகக் கொஞ்சம். மகள் ஒருத்தி, பெயர் மிதுலா. ஷெல் விழுந்ததில் போய்விட்டாள். "என்ர கையாலதான் மண் போட்டனான்," என்று ஒரே ஒரு முறை சொன்னார். கணவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். போரின் கடைசி நாள்களில் அவரைப் பிடித்து ஒரு பேருந்தில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்தார். பேருந்து புறப்பட்டது. அதற்குமேல் எந்தத் தகவலும் இல்லை.

கோயிலில் பெண்கள் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், "வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காரு?"

"வருவார்."

அவ்வளவுதான் பதில். அந்தப் பொட்டு அழகுக்கு வைத்த பொட்டு இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இல்லாத குழந்தை

நடுவில் ஒரு சிரிப்புக் கதை. இதைச் சொல்லாமல் போனால் அப்பா கோபித்துக்கொள்வார்.

எங்கள் தாமான் குடியிருப்பில் சீனப் புத்தாண்டுக்கு வெடி, நோன்புப் பெருநாளுக்கு வெடி, தீபாவளிக்கு வெடி. முதல் வெடி வெடித்ததுமே யோகம் ஆன்ட்டி குளியலறைக்குள் போய், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே குந்திக்கொள்வார். வெளியே வர விடிந்துவிடும்.

அப்பா யோசித்தார். தெருப் பிள்ளைகளிடம் போய்ப் போரைப் பற்றி விளக்கவா முடியும்? வீடு வீடாகப் போய், "எங்க வீட்ல பச்சக் கொழந்த இருக்கு, வெடிய அந்தத் தெடல் பக்கம் வெச்சிக்குங்க," என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மக்சிக் வாசலில் நின்றார். மலாய்க்காரப் பெண்மணி; மக்சிக் என்றால் அத்தை. எழுபதை நெருங்குபவர், தெருவே பயப்படும் ஆள். ஒரு கையில் பவுடர் டப்பா, ஒரு கையில் டயப்பர் பாக்கெட். குழந்தையைக் காட்டு என்றார்.

அம்மா என்னைப் பார்க்க, நான் அப்பாவைப் பார்க்க, அப்பா லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைசியில் நான்தான் மக்சிக்கைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த யோகம் ஆன்ட்டியைக் காட்டி, விஷயத்தை மலாயில் சொன்னேன். மக்சிக் ஆன்ட்டியின் தலையில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு டயப்பரை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு, பவுடரை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

"என்னவாம் பிள்ளை?"

"நீங்கதான் எங்க வீட்டுக் கொழந்தைன்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு ஆன்ட்டி."

வெங்காயம் உரித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிப்பு. நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அன்றிலிருந்து மக்சிக்குக்கு அவர் 'பேபி'. தெருவில் எந்தப் பையன் வெடியோடு வந்தாலும் மக்சிக் வெளியே வந்து கத்துவார்: "பேபி திடோர்!" பேபி தூங்குது, போ அந்தப் பக்கம்.

கடைக்காரர் கேட்ட கேள்வி

இப்போது படையலுக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு முந்திய நாள் எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இறந்தவர்களுக்குப் படைப்போம். ஆளுக்கோர் இலை. அவரவர் உயிரோடு இருந்தபோது விரும்பிச் சாப்பிட்டது இலைக்கு வரும். புதுத் துணி வைப்போம். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்போம். உள்ளே அவர்கள் சாப்பிட வேண்டுமே. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டி, குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பட்டென்று திறந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார்களாம்.

ஆண்களின் இலை என்றால் கறுப்பு பீரும் சிகரெட்டும் இல்லாமல் இருக்காது. எஸ்டேட்டிலிருந்து வந்த பழக்கம். எங்கள் வீட்டில் ஆண் இலை இரண்டு: அப்பாவின் அப்பா, அப்பாவின் அண்ணன். இருவரும் பீரைப் பார்த்தால் முகம் மலர்கிறவர்கள் என்று கேள்வி.

அன்று பீர் வாங்கக் கடைக்குப் போனது நான். லைசென்ஸ் எடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கார் ஓட்ட யார் எந்தச் சாக்குக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்வேன்.

சீனக் கடைக்கார அங்கிளுக்கு எங்கள் வீட்டுப் பிதுர்கள் எல்லாரையும் தெரியும். போத்தல்களைப் பையில் போட்டவர் கையை நிறுத்திவிட்டு மலாயில் கேட்டார்.

"வருஷா வருஷம் ரெண்டுதானே? இந்த வருஷம் மூணு. யார் செத்தது?"

"யாரும் சாகல அங்கிள். அம்மா மூணு வாங்கச் சொன்னாங்க."

"அப்ப உங்கப்பாவுக்கு ஒண்ணு," என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் மனதில் ஓடியது வேறு. கோயிலில் ஒருவர் சொல்லியிருக்கிறார்: திதி கொடுக்காத உயிர் சாந்தியில்லாமல் அலையும், அதனால்தான் அந்தப் பெண் இப்படி இருக்கிறாள் என்று. அம்மா அதை வாரக்கணக்கில் மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறார். யாரிடமும் கேட்காமல், கடைசியில் ஓர் இலையைக் கூட்டிவிட்டார். ஆண் இலை என்பதால் பழக்கப்படி பிரட்டல், சிகரெட், பீர், வேட்டி.

நல்ல மனதோடுதான். ஆனால் அந்த இலை விரிந்ததும் ஒரு மனிதர் செத்துப்போனார். அந்த இலையை ஒப்புக்கொண்டால் யோகம் ஆன்ட்டி தன் பொட்டைத் தானே அழிக்க வேண்டும்.

"ஆர் சொன்னது?"

யோகம் ஆன்ட்டி போத்தலை இன்னும் கீழே வைக்கவில்லை. அம்மா ஒருவழியாக வாயைத் திறந்தார்.

"ஒங்க வீட்டுக்காரருக்குத்தான் யோகம். தப்பா நெனைக்காதம்மா. பாவம், பசியோட இருக்கக்கூடாதுன்னு..."

"ஆர் சொன்னது அவர் செத்துப்போனார் எண்டு?"

"யாரும் சொல்லல லா..."

"நான் சொன்னனானோ? இத்தனை வருசமா இந்த நெத்தியைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள்?"

எங்கள் வீட்டில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் முறை. அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. யோகம் ஆன்ட்டி போத்தலை அம்மாவின் கையில் திணித்தார். திணித்தவர், அதே வேகத்தில், இன்னும் ஆத்திரம் தீராதவராகச் சொன்னார்:

"அதுவும் பியர்! அந்த மனுசனுக்கு உது மணந்தாலே வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். கலியாண வீட்டில ஆரோ குடிச்சிட்டுப் பக்கத்தில இருந்ததுக்கு, பந்தியை விட்டு எழும்பி வந்த ஆள் அவர். உங்கட நாட்டில செத்தா எல்லா ஆம்பிளையளும் குடிகாரர் ஆயிடுவினமோ?"

"செத்தா இல்லம்மா," என்றார் அப்பா மெதுவாக. "உசுரோட இருக்கும்போதே."

யாரும் சிரிக்கவில்லை. யோகம் ஆன்ட்டி திரும்பிப் பின்னறைக்குப் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே துணிப் பையின் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போயிரும் போல இருக்குங்க. நானே தொரத்திட்டேன்."

அவர் எங்கே போவார் என்று அப்பா கேட்கவில்லை. எங்கும் போக முடியாதவர் என்பது மூவருக்கும் தெரியும். அதுதான் இன்னும் வலித்தது. எதை விரித்தோமோ அதைச் சுருட்டலாம் என்று நான் கடைசி இலையின் பக்கம் குனிந்தேன்.

"அதை எடுக்காதை பிள்ளை."

ஆன்ட்டி கதவருகே நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவியிருந்தார். பொட்டைப் புதிதாக வைத்திருந்தார். கையில் பை இல்லை. பையிலிருந்து எடுத்த ஒரு சின்னச் சிவப்பு ரிப்பன் மட்டும் இருந்தது.

"அந்தச் சீனக் கடை திறந்திருக்குமோ?"

"இருக்கும் ஆன்ட்டி. என்ன வேணும்?"

"தோடம்பழ இனிப்பு. தோடம்பழச் சுளை மாதிரி, சீனி பிரட்டினது. என்ர மகளுக்கு அதெண்டா உயிர்."

தோடம்பழ இனிப்பு

அவர் தோடம்பழம் என்பதை நாங்கள் ஆரஞ்சு என்போம். நான் கார் ஓட்டிய வேகத்தை அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கடைக்கார அங்கிள் இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டிருந்தார். கண்ணாடிச் சாடியில் இருந்த மிட்டாயைக் காட்டினேன். ஆரஞ்சுச் சுளை வடிவம், மேலே சீனி.

"இது யாருக்கு?"

"ஒரு சின்னப் பிள்ளைக்கு."

"உங்க வீட்லதான் சின்னப் பிள்ளையே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இது படையல் நாள் என்பது அவருக்குத் தெரியும். சாடிக்குள் கையை விட்டு அள்ளினார். இன்னொரு முறையும் அள்ளினார். என் முகத்தைப் பார்க்காமலே பையைக் கட்டிக் கொடுத்தார்.

நான் திரும்பி வந்தபோது கடைசி இலை ஆளே மாறியிருந்தது. பிரட்டலும் சிகரெட்டும் போய்விட்டன. சோறும் பருப்பும், ஓரத்தில் சிவப்பு ரிப்பன். யோகம் ஆன்ட்டி மடியில் ஓர் அன்னாசியை வைத்துச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. படிப்படியாக, கோபுரம்போல், கடையில்கூட அவ்வளவு அழகாக வெட்டி நான் பார்த்ததில்லை.

"அம்மா இப்ப என்ன வேலை செய்யிறன் எண்டு அவள் பாக்க வேணுமெல்லே," என்றார். கோபுரத்தை இலை நடுவில் வைத்து, சுற்றிலும் மிட்டாயை அடுக்கினார்.

வேட்டியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "இது அவருக்குக் காணாது சரசக்கா. அவர் நெடுவல். வரட்டும், அளவு பாத்து வாங்குவம்."

அம்மா வேட்டியை வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

விளக்கேற்றினோம். கதவைச் சாத்தினோம். எல்லாரும் வெளியே வந்து லாரிப் பக்கம் நின்றோம். போன வருடங்களில் இந்த நேரம் யோகம் ஆன்ட்டி பின்னறையில் இருப்பார். இந்த முறை எங்களோடு வெளியே நின்றார். திடல் பக்கம் ஒரு வெடி வெடித்தது. தோள் தூக்கிப்போட்டது, ஆனால் ஓடவில்லை. உடனே பக்கத்து வீட்டிலிருந்து குரல்: "ஹேய்! பேபி திடோர்!"

"பேபி இஞ்ச முழிச்சுக்கொண்டு நிக்குது," என்றார் யோகம் ஆன்ட்டி தமிழிலேயே.

பிறகு என்ன நினைத்தாரோ, வீட்டைச் சுற்றிப் பின்கதவு வழியாகச் சமையலறைக்குப் போனார். வரும்போது ஒரு பீங்கான் தட்டு நிறையச் சோறு, ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணி, அதன் சாஸரில் ஒரு துண்டு கூலா மெலாக்கா என்ற தென்னங்கருப்பட்டி. சீனியோ கட்டியோ கையில் வைத்துக் கடித்துக்கொண்டுதான் அவர் கணவர் தேநீர் குடிப்பாராம். ஊரில் பனங்கட்டி. இங்கே கிடைத்தது இதுதான்.

வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் எல்லாவற்றையும் வைத்தார்.

"இது அவருக்கு. அவர் உள்ளுக்கை இல்லை. எங்களோட வெளியிலதான்."

நாங்கள் நால்வரும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தேநீரில் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

"ஆறுதும்மா," என்றார் அப்பா.

"ஓம். சாப்பாட்டை வீணாக்கினா அந்த மனுசன் வீட்டை ரெண்டாக்கிப் போடுவார்," என்று சொல்லிவிட்டு, யோகம் ஆன்ட்டி தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டார். எங்கள் கண்முன்னால் அவர் சாப்பிட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. நல்ல பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்துச் சாப்பிடுகிறவர் என்பதே அன்றுதான் தெரிந்தது. கடைசியில் கூலா மெலாக்காவைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தார்.

"பனங்கட்டி மாதிரி இல்லைத்தான்," என்றார். "எண்டாலும் பிழையில்லை."

நேரமாகிவிட்டது. கதவைத் தட்டுவது எப்போதும் அப்பாவின் வேலை. அப்பா நகர்ந்து வழிவிட்டார். யோகம் ஆன்ட்டி கையைக் கழுவிவிட்டுப் போய் மெல்லத் தட்டினார்.

"மிதுலா, சாப்பிட்டு முடிஞ்சுதோ? அம்மா வாறன்."

உள்ளே விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. அவர் இலை முன்னால் குனிந்து, ஒரு தோடம்பழ இனிப்பை எடுத்து என் வாயில் போட்டார். சீனி பல்லில் நறநறத்தது.

அப்பா மூன்றாவது போத்தலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "இது இப்ப யாருக்குமே இல்லாமப் போச்சே..."

"அது உங்களுக்குத்தான் அண்ணை," என்றார் யோகம் ஆன்ட்டி. "இருக்கேக்கையே குடியுங்கோ. செத்தாப் பிறகு இலையில வைக்கிற கரைச்சல் இல்லை."

அம்மா சிரித்த சிரிப்பில் மக்சிக் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

இலைகளை எடுத்து, கூடத்தைத் துடைத்து முடித்தோம். வழக்கமாகத் தன் தட்டோடு பின்னறைக்குத் திரும்புகிறவர் அன்று போகவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சரசக்கா, நாளைக்கு விடிய எத்தினை மணிக்கு எழும்பி எண்ணெய் வைக்கிறது?"

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கென்று வாங்கி, கட்ட மாட்டார் என்று தெரிந்தே அலமாரியில் அடுக்கிவைத்த சேலைகளை எடுக்க அம்மா எழுந்து ஓடினார்.